ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழாவது வரைபடம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் கோட்டம்மா. வைத்தவன் அங்கேயே ஆய்வு செய்யும் மாணவன், அவளைவிட ஒன்பது வயது சின்னவன். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று கேட்பதால் அவனுக்கு ஏற்கெனவே சந்தேகம் என்று ஒரு பெயர் இருந்தது. தனக்குக் கிடைத்ததை அடுத்தவருக்கும் தராமல் விடுகிற ஆளில்லை அவன்.

முப்பத்தொரு வயது வரை அவள் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒன்பது வருஷம். தண்ணீர்க் குழாய்க்கு நீலக் கோடு, கழிவுநீருக்குப் பழுப்பு, மின்சாரத்துக்குச் சிவப்பு. எந்தக் குழாயும் அந்தரத்தில் நிற்கக் கூடாது; எங்கிருந்தோ வர வேண்டும், எங்கேயோ போய்ச் சேர வேண்டும். அந்த வேலையில் சேர்ந்த அன்றே சொல்லித்தரும் விஷயம் இது. ஒரு கோட்டைப் பாதியில் விட்டால் நாளைக்கு ஒருவர் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் வராது. மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கி, மேல்படிப்பும் முடித்து, ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது அவள் கொண்டுவந்த சொத்து இந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான்.

இங்கேயும் கோடு போடுகிற வேலையே கிடைத்தது. தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, பூமியைச் சுற்றி ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். சில இடங்களில் மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். ஆறு என்றால் கரை உண்டு, இதற்குக் கிடையாது. வளையும், மெலியும், இரண்டாகப் பிரியும், சில இடத்தில் அறுந்து தூரத்தில் மறுபடி தொடங்கும். நாற்பது வருஷத்தில் அந்த அறுப்பு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அதுதான் அவளுடைய ஆய்வுக் கேள்வி.

ஐந்து நாளைக்கு ஒரு வரைபடம். வருஷத்துக்கு எழுபத்துமூன்று. நாற்பது வருஷத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. ஒவ்வொன்றிலும் காற்று வேகமாக இருக்கும் இடம் சிவப்பு, இடைப்பட்டது மஞ்சள், அடங்கிய இடம் நீலம். சிவப்பின் நடுவழியாகத் திரையில் கோடு இழுக்க வேண்டும். எங்கே கோடு அறுகிறது, எத்தனை தரம் அறுகிறது என்று எண்ணி வைக்க வேண்டும். சந்தேகம் எழுதிக்கொண்டிருந்த கணினி நிரல் இதே வேலையைத் தானே செய்யப் பழகிக்கொண்டிருந்தது. அது சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஒரு விடைத்தாள் வேண்டுமே, அந்த விடைத்தாள் கோட்டம்மாவின் கை.

வழிகாட்டியான பேராசிரியை அரைப் பக்கத்தில் ஏழு விதிகள் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்தாவது விதி இப்படி இருந்தது: சிவப்பு விட்டுப்போன இடத்தில், இடைவெளி சிறியதாகவும் தொடர்ச்சி தெளிவாகவும் இருந்தால் கோட்டைச் சேர்க்கவும், இல்லையென்றால் விட்டுவிடவும்.

"சிறியதுன்னா எவ்வளவு மேடம்?" என்று சந்தேகம் கேட்டான்.

"பார்த்தா தெரியும்பா."

"எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரிய வேண்டாம். கோடு போடறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

அவன் அத்தோடு விடவில்லை. அன்று மதியமே கோட்டம்மாவின் மேஜைக்கு வந்து, "வரிசையாப் போடாதீங்க, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சுத் தரேன், அப்படிப் போடுங்க," என்றான்.

"வரிசையாப் போனாத்தான் எனக்கு ஓடும். முன்னாடி எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே இப்ப எங்க போகுதுன்னு தெரியும்?"

"அதுதான் பிரச்சனைன்னு சொல்றேன்."

"போய் உன் மெஷினைக் கவனி. நேத்து அது துருவத்துல வட்டம் வட்டமாப் போட்டுக் கோலி விளையாடிட்டு இருந்துச்சு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போய்விட்டான்.

ஒரு நாளைக்கு இருபது வரைபடம் என்று கணக்கு. இரண்டாம் மாடி, நடைபாதைக் கோடி, ஆறு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி மெஷின்களின் முதுகு. வானத்தை ஆராய்கிற அறையிலிருந்து வானம் தெரியாது.

வீட்டில் அம்மா, அக்கா, அவள். இரண்டு அறை, ஒரு சமையலறை. மூன்று வயது மூத்த அக்கா விமான நிலையத்தில் வேலை பார்த்தாள். பயணிகள் வந்து இறங்கும் கூடத்தில், பெட்டி வராதவர்கள் வந்து கத்தும் கவுண்டர். நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வந்து, வீட்டில் அதைச் சிரிப்பாக மாற்றிப் பரிமாறுவாள்.

"ஏண்டி, உன் காத்துக்கு இன்னைக்கு என்ன அவசரம்? ஃப்ளைட் ஐம்பது நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு. பெட்டி வர்ற பெல்ட்ல ஆள் இல்ல. எல்லாரும் எங்கிட்ட வந்து நிக்கறாங்க."

"பின்காத்து பலமா இருந்திருக்கும்."

"அதை ஒருத்தன்கிட்டச் சொன்னேனே! 'என் தங்கச்சி காத்தைத்தான் படிக்கிறா, அவளைக் கேட்டுச் சொல்றேன் சார்'னு. மேனேஜரைக் கூப்பிடுன்னுட்டான்."

"நீ ஏன் வாயைக் கொடுக்கற?" என்பாள் அம்மா.

"மேல ஓடற காத்தைப் பிடிக்க இவ, கீழ தொலைஞ்ச பெட்டியைப் பிடிக்க நான். நம்ம வீட்ல யாராவது கையில பிடிக்கிற மாதிரி ஒரு வேலை பார்க்கறோமா பாரு."

அந்த மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்கு கோட்டம்மா ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழாவது வரைபடத்தில் இருந்தாள். இருபத்தாறாவது வருஷம். கோடு ஒரு பெருங்கடலைப் பாதி கடந்திருந்தபோது ஃபோன் வந்தது. பேசியது அக்காவின் கூட வேலை பார்ப்பவர். நாலாம் நம்பர் பெல்ட் பக்கத்தில் அக்கா விழுந்துவிட்டாள் என்றார், எந்த ஆஸ்பத்திரி என்றார், சீக்கிரம் வாங்க என்றார். எழுந்தால் சேமி என்பது பழைய அலுவலகத்துப் பழக்கம். கோட்டம்மா சேமித்துவிட்டு எழுந்தாள்.

தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். ஒருவர் அவள் நாற்காலியைத் தேவையில்லாமல் இழுத்துப் போட்டார். பேராசிரியை கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசம் எடுத்துக்கோம்மா," என்றார். "வேண்டாம் மேடம், வீட்ல இருந்து என்ன பண்றது?" என்றாள். கணினியைத் திறந்தாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டாவது வரைபடத்தை எடுத்தாள்.

அவள் அழவில்லை. வந்த உறவுக்காரர்கள், "கல்லு மாதிரி நிக்கறா பாரு," என்று ஒருவருக்கொருவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. மறுக்கும்படி அதில் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் பிடித்தாள். பஸ்ஸில் ஒருத்தி காலை மிதித்து "சாரிங்க" என்றபோதுதான் கால் ஒன்று இருப்பதே நினைவு வந்தது.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம். இரண்டாம் ஷிஃப்ட் வரும் வாரங்களுக்காக அக்கா தன் ஃபோனில் வைத்த அலாரம் தினமும் மதியம் ஒன்று பத்துக்கு அடித்தது. ஃபோனைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நிறுத்தலாம், ஒரேயடியாக எடுக்க முடியாது. அம்மா நிறுத்துவதும் இல்லை. அது ஒரு நிமிஷம் அடித்துத் தானே ஓயும். ஒரு வாரத்தில் சார்ஜ் இறங்கி அணைந்திருக்க வேண்டிய ஃபோன். அணையவில்லை. அம்மா அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டம்மா அதைப் பார்த்தாள்.

ஆய்வகத்தில் வேலை வேகமெடுத்தது. இருபது போட்ட இடத்தில் நாளைக்கு முப்பது. "இந்த நிலைமையிலயும் எப்படி உழைக்கிறா பாருங்க," என்று பேராசிரியை மற்றவர்களிடம் அவள் எதிரிலேயே சொன்னார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதும் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக முடிந்தன.

விடை தெளிவாக இருந்தது. முதல் இருபத்தைந்து வருஷம் ஒரு வரைபடத்துக்குச் சராசரியாக ஒன்றே கால் அறுப்பு. அதற்குப் பிறகு இரண்டரை. சரியாக இரண்டு மடங்கு. வருஷவாரி வரைபடத்தில் அது மாடிப்படி மாதிரி இருந்தது: நீளமாக ஒரு தரை, ஒரே ஒரு படி, மறுபடி நீளமாக ஒரு தரை.

பேராசிரியை அதை மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தார். "இது பெரிய விஷயம்மா," என்றார். பன்னாட்டுக் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினார்கள். மேடையில் பேச இருபது நிமிஷம் கிடைத்தது. அந்தப் பேச்சு கட்டுரையாகும், கட்டுரை வந்தால் பட்டம். அவளுடைய ஆய்வுக் காலம் ஏற்கெனவே ஒரு தரம் நீட்டிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கியவர்கள் அந்தத் துறையில் யாரும் கிடையாது.

சந்தேகத்தின் நிரலில் மட்டும் படி வரவில்லை. நாற்பது வருஷமும் ஒரே தரை.

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்று இந்த முறை எல்லாரும் அவனைக் கேட்டார்கள். "பத்து வருஷம் கோடு போட்ட கை பெரிசா, நேத்துப் பிறந்த உன் மெஷின் பெரிசா?" விடைத்தாள் ஒன்று சொல்ல, மாணவன் வேறு சொன்னால் தப்பு மாணவனுடையதுதான். இரண்டு மாதமாக அவன் நிரலை வளைத்துத் திருகி, படி வரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைக்க வளைக்க அது மற்ற இடங்களில் கெட்டுப்போனது.

கருத்தரங்குக்குப் பதினோரு நாள் இருந்தது. தரவுகளை எல்லாரும் பார்க்கும்படி முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று விதி. கோட்டம்மா பட்டியலைத் தயார் செய்தாள். வரைபட எண், அது எந்த நாளின் காற்று, அறுப்பு எத்தனை, கோப்பு சேமித்த தேதி. சரிபார்க்க ஒரு படம் போட்டபோது கை தவறி அடுத்த பத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். காற்று வீசிய தேதிக்குப் பதில், அவள் கோடு போட்ட தேதி.

திரையில் படி அப்படியே வந்தது. வரிசையாகப் போட்டவள் என்பதால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் வருஷத்தில் பார்த்தபோது மழுங்கலாக இருந்த படி, நாளில் பார்த்தபோது கத்தி வெட்டாக இருந்தது. இடது பக்கம் ஒன்பதாம் தேதி வரை தாழ்வு. நடுவில் மூன்று நாள் காலி. வலது பக்கம் பதின்மூன்றாம் தேதியிலிருந்து உயர்வு.

அந்த மூன்று நாள் ஏன் காலி என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கோப்பை மூடினாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பேச்சுக்கான படங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலைப்பின் எழுத்தளவு, அச்சுகளின் நிறம். மூடிய கோப்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. தேதிப் பத்தியை நீக்கிவிட்டு ஏற்றினாலும் விதிப்படி குற்றமில்லை. பயமோ வெட்கமோ வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எதுவும் வராத அந்த இடத்தில் ஒரு கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: அப்படியானால் அவன் நிரல் சரி.

மூன்றாம் நாள் அவன் மேஜைக்குப் போனாள்.

"எனக்கு நூத்தியிருபது மேப் எடுத்துக் குடு. பாதி படிக்கு முன்னாடி, பாதி பின்னாடி. தேதி, நம்பர் எல்லாத்தையும் மறைச்சுடு. கலைச்சுக் குடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "சீட்டுக்கட்டு மாதிரியா?"

"சீட்டுக்கட்டு மாதிரி."

"எதுக்குன்னு..."

"கேக்காத. ஒரே ஒரு தரம் எதையும் கேக்காம செய்."

நான்கு நாளில் போட்டு முடித்தாள். அவன் மறைப்பை எடுத்தான். படிக்கு முந்தைய அறுபதில் சராசரி இரண்டு புள்ளி நான்கு. பிந்தைய அறுபதில் இரண்டு புள்ளி ஐந்து. படியைக் காணோம். அதே பழைய காற்று, முன்பு ஒன்றே காலாக அறுந்த அதே வரைபடங்கள், இப்போது அவள் கையில் இரண்டு மடங்கு அறுந்திருந்தன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு மங்கி மஞ்சளாகும் இடங்களில் முதல் தடவை கோடு மஞ்சளைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாம் தடவை விளிம்பிலேயே நின்றிருந்தது.

சந்தேகம் தேதிப் பத்தியைப் பார்த்தான். அவனுக்கும் கணக்குத் தெரியும். அன்று ஃபோன் வந்தபோது எதிர் மேஜையில் இருந்தவன் அவன். "டீ குடிக்கறீங்களா?" என்றான்.

"குடிக்கலாம்."

பேராசிரியை அறைக் கதவைச் சாத்திவிட்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எது சரிம்மா? முன்னாடி போட்டதா, இப்ப போட்டதா?"

"தெரியல மேடம். முன்னாடி சேர்த்தேன். அதுக்கப்புறம் சேர்க்கல. ரெண்டும் அஞ்சாவது விதிப்படிதான்."

"உனக்குத் தெரியலையா அப்ப? கை மாறினது?"

"தன் முதுகு தனக்குத் தெரியுமா மேடம்?"

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் உன்னைப் பாராட்டிக்கிட்டே இருந்தேன். முப்பது போடறாளேன்னு."

"சேர்க்கறதுக்குத்தான் நேரமாகும் மேடம். எங்க போகுதுன்னு தேடணும். விட்டுட்டுப் போறதுக்கு நேரமே ஆகாது."

"பேச்சை வாபஸ் வாங்கிடலாம். உடம்பு சரியில்லன்னு எழுதறேன்."

"வேண்டாம் மேடம். தலைப்பை மட்டும் மாத்தி எழுதுங்க. கையால போட்ட விடைத்தாள்ல வந்த பிழைன்னு. இதே மாதிரி உலகத்துல எத்தனை பேர் வரிசையாப் போட்டுட்டு இருக்காங்களோ."

"அப்புறம் உன் பட்டம்?"

அவள் படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேராசிரியை தலைப்பை மாற்றி எழுத உட்கார்ந்தார்.

கருத்தரங்குக் கூடத்தில் இருநூறு நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. பழைய தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் பாதிப் பேர். அவள் இருபது நிமிஷத்துக்குப் பதினேழு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். படியைக் காட்டினாள். கத்தி வெட்டைக் காட்டினாள். நூற்றியிருபதைக் காட்டினாள். பதினெட்டாவது நிமிஷத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அந்தத் தேதியில என்ன மாறிச்சு? மவுஸ் மாத்தினீங்களா? ஸ்கிரீனா? கண்ணாடி போட்டீங்களா?"

"இல்லீங்க. வீட்ல ஒரு சாவு."

அவர் கையில் ஒலிவாங்கியோடு நின்றார். "ஓ," என்றார். உட்கார்ந்துவிட்டார். பிறகு பின்வரிசையில் ஒரு பெண், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் எல்லை எந்த வேகம் என்று கேட்டாள். கோட்டம்மா எண்ணைச் சொன்னாள். அது நல்ல கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது.

நீட்டிப்புக் குழு கூடியது. எட்டு மாதம் கேட்டதற்கு நான்கு கொடுத்தார்கள். கொடுத்ததே துறைக்குப் புதிது. நான்கு மாதத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதையும் ஒருத்தி மறுபடி போட முடியாது. எனவே மூன்று பேர்: கோட்டம்மா, சந்தேகம், புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி. விதிகள் இப்போது இரண்டு பக்கம். ஐந்தாவதில் சிறியது என்ற சொல் போய், தீர்க்கரேகையில் எத்தனை பாகை என்று எண் வந்துவிட்டது. அதைவிடக் கூடினால் விட வேண்டும், குறைந்தால் சேர்க்க வேண்டும், யாராக இருந்தாலும். வரைபடங்கள் தேதியில்லாமல் கலைந்து வந்தன. கடைசி விதி சந்தேகம் எழுதியது: பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்ட வரைபடத்தை நீங்கள் போடக் கூடாது, அடுத்தவரிடம் தள்ளிவிடவும்.

"ஆயிரக்கணக்குல பார்த்ததுல யாருக்குய்யா அடையாளம் தெரியும்?" என்று பேராசிரியை சிரித்தார்.

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்றான்.

மூன்றாவது மாதம். புதிய எண்களில் படி எங்கும் இல்லை; மெல்லிய ஏற்றம் ஒன்று இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. முழுதும் முடிந்தால்தான் தெரியும். அது எதுவானாலும் ஆய்வேட்டில் எழுதலாம். ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கோட்டம்மா அன்றைய பதினான்காவது வரைபடத்தைத் திறந்தாள். தேதியில்லை, எண்ணில்லை. சிவப்பு இடது பக்கம் ஒரு முறை மேலேறி வளைந்து, பெருங்கடலுக்கு இறங்கி, கடல் நடுவில் மஞ்சளாக மங்கியது.

மவுஸை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இந்தா, இது எனக்குத் தெரிஞ்ச மேப்," என்றாள் எதிர் மேஜையைப் பார்த்து. "உனக்குத் தள்றேன்."

"எப்படி உறு..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "சரி, அனுப்புங்க."

அவன் திரையில் அது திறந்தது. இடது ஓரத்தில் தொடங்கினான். கோடு மேலேறியது, வளைந்தது, இறங்கியது, கடல் நடுவில் மஞ்சளுக்கு வந்து நின்றது. அளவுகோலை வைத்தான். மூன்றரைப் பாகை. விதியில் உள்ளதைவிடக் குறைவு. சேர்த்தான். கோடு அந்தப் பக்கம் போய்ச் சிவப்பைப் பிடித்து, வலது ஓரம் வரை ஓடியது.

"அறுப்பு இல்ல," என்றான். "பூஜ்யம்னு போடறேன்."

"போடு."

கடிகாரத்தில் ஒன்று பத்து. இந்நேரம் வீட்டில் அந்த அலாரம் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிஷம் கழித்து அவள் பதினைந்தாவது வரைபடத்தைத் திறந்தாள்.